காத்து வாங்கத்தான் போனோம், அதுல என்ன தப்பு?

நடுவர் அவர்களுக்கும், ரெண்டு அணி நண்பர்களுக்கும், இந்தப் புழுக்கத்துலயும் எழுந்து போகாம உட்கார்ந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம்.

"சென்னைக் குடும்பங்களுக்குப் பெரிதும் மகிழ்ச்சி தந்தது கடைத்தெருவா, வணிக வளாகமா?" வணிக வளாகமேன்னு பேச வந்திருக்கேன். குறிப்பெல்லாம் எழுதி எடுத்துட்டுத்தான் வந்தேன். இப்ப அதை மடிச்சுப் பையில வெச்சுட்டேன். எனக்கு முன்னாடி பேசின எதிரணி அக்கா ஒண்ணு சொல்லிட்டுப் போய் உட்கார்ந்துட்டாங்க. அதுக்குப் பதில் சொல்லாம நான் வீட்டுக்குப் போக முடியாது.

என்ன சொன்னாங்க? "மாலுக்குள்ள நூறு பேர் போனா, வெளிய வரும்போது பத்துப் பேர் கையிலதான் பை இருக்கும். மிச்சம் தொண்ணூறு பேரும் ஏசிக் காத்து வாங்கப் போற கூட்டம். வீட்டுக் கரன்ட் பில்லை மிச்சம் பண்ற கூட்டம்!" பந்தலே அதிர்ற மாதிரி கை தட்டினீங்க. முன்வரிசையில ஒரு அண்ணன் எழுந்து நின்னே தட்டினார். அண்ணே, போன கத்திரி வெயில்ல நீங்க எங்க உட்கார்ந்திருந்தீங்கன்னு அண்ணியைக் கேட்டா சொல்லிடுவாங்க.

அக்கா, நீங்க சொன்னதை நான் மறுக்கவே இல்லை. காத்து வாங்கத்தான் போனோம். குடும்பம் குடும்பமா போனோம். அது ஒரு குறையா? அந்தத் தொண்ணூறு பேரைப் பத்திப் பேசத்தான் நான் இந்த மைக்கைப் பிடிச்சிருக்கேன்.

சென்னையில மால் கதைன்னா மவுன்ட் ரோட்டுல, ஸ்பென்சர்ல தொடங்கணும். 1863-64 வாக்குல சார்லஸ் டூரன்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர்னு ரெண்டு வெள்ளைக்காரங்க போட்ட கடை. பின்னாடி யூஜின் ஓக்‌ஷாட் கைக்கு வந்துச்சு. 1895-ல அந்த ஒரு கடைக்குள்ள 80-க்கும் மேல பிரிவுகள். போக்சன் வரைஞ்சு கொடுத்த, நம்ம ஹைகோர்ட் மாதிரி இந்தோ-சாரசெனிக் கட்டடம். துரைமாரும் ஜமீன்தாரும் கோச்சு வண்டியில வந்து இறங்கின இடம். 1983-ல தீப்பிடிச்சு எரிஞ்சது.

அக்கா மூர் மார்க்கெட்டை நினைச்சு உருகினாங்க. நானும் உருகுறேன், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல பழைய புத்தகத்துக்குப் பேர் போன இடம் அது. 1900-ல திறந்த மார்க்கெட், 1985-ல எரிஞ்சு போச்சு. அந்த இடத்துல இன்னிக்குப் போய் நின்னா என்ன கிடைக்கும்? கும்மிடிப்பூண்டிக்கு ரயில் கிடைக்கும்! அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எரிஞ்ச ஸ்பென்சர் இடத்துல என்ன வந்துச்சு? 1991-ல ஸ்பென்சர் பிளாசான்னு மறுபடியும் கடைகளே வந்துச்சு. ஃபேஸ் ஒண்ணு, ஃபேஸ் ரெண்டு, ஃபேஸ் மூணுன்னு கட்டம் கட்டமா வளர்ந்துச்சு. ஆனா இந்தத் தடவை வந்தது கோச்சு வண்டி இல்லை. பல்லவன் பஸ்ல எல்.ஐ.சி. ஸ்டாப்புல இறங்கி நாம வந்தோம். நம்மள்ல ஒருத்தர்தான் எங்க தாத்தா.

நடுவர் மணியைப் பார்க்கறார். ஐயா, இந்தக் கதையைப் பாதியில நிறுத்தினா மேல இருக்கிற எங்க தாத்தா உங்களை விட மாட்டார்.

எங்க அப்பாவோட அப்பா சிந்தாதிரிப்பேட்டையில மாட்டு வண்டி ஓட்டினவர். ஹார்பர்லேர்ந்து மரப்பெட்டி ஏத்திட்டு வந்து ஸ்பென்சர் பின்பக்கம் இறக்குவார். உள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியாது. ஒரு நாள் கேட்டா பிஸ்கட்டும்பார், இன்னொரு நாள் கேட்டா கண்ணாடிச் சாமான்ம்பார். ஆனா முன்வாசல் வழியா ஒரு தடவைகூட அவர் உள்ள போனதில்லை. யாரும் போகாதேன்னு சொல்லலை. "வண்டிக்காரனுக்கு அங்க இன்னா வேலை"ன்னு அவரே ஒதுங்கிக்கிட்டார். அப்புறம் லாரி வந்துச்சு, மாட்டை வித்தாச்சு, குடும்பம் வியாசர்பாடிக்குப் போயாச்சு, அந்தக் கடையும் எரிஞ்சு போச்சு.

தொண்ணூறுகள்ல ஒரு சித்திரை மாசம். "ஸ்பென்சரைப் பெருசா கட்டியிருக்காங்களாம், எல்லாரும் போவோம்"னு அப்பா கிளப்பினார். ஒரே ஆட்டோ. அம்மா மடியில நான், என் மடியில தம்பி, எங்க அக்கா ஓரத்துல, தாத்தா நடுவுல, அப்பா டிரைவர் பக்கத்துல பாதி உடம்பு வெளியில. ஆட்டோக்காரர் சிக்னலைத் தவிர்க்கப் பக்கத்து ரோட்டுல திருப்பிப் பின்பக்கமா கொண்டுபோய் நிறுத்தினார்.

"எறங்கு தாத்தா."

"இது பின்பக்கம்டா."

"இப்படியும் வழி இருக்கு தாத்தா. உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்."

"பின்பக்கம் எதுன்னு நீ எனக்குச் சொல்றியா? நீ பொறக்கறதுக்கு முன்னால நான் இங்க நின்னுருக்கேன்டா. முன்னால வுடு."

"சுத்திக்கிட்டுப் போவணும், ரெண்டு ரூபா மேல ஆவும்."

எங்க அப்பாவுக்கு ரெண்டு ரூபாங்கறது உயிர்ப் பிரச்சினை. அவர் டிரைவர்கிட்ட நியாயம் பேச ஆரம்பிச்சார். டிரைவர் மீட்டரைக் காட்டி நியாயம் பேசினார். திரும்பிப் பார்த்தா தாத்தாவைக் காணோம்! தார் ரோட்டுல, அந்தப் பகல் வெயில்ல, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மவுன்ட் ரோட்டைப் பார்த்து நடந்துக்கிட்டிருக்கார். பின்னாலயே அம்மா, அக்கா, நான், தம்பி. எல்லாருக்கும் பின்னால, ரெண்டு ரூபாயைக் காப்பாத்தின சந்தோஷத்துல அப்பா. சாமி முன்னால போக நாங்க பின்னால போற ஊர்வலம் மாதிரி போனோம்.

முன்வாசல் வந்துச்சு. கதவு திறந்துச்சு. அந்தக் குளிர்ந்த காத்து வந்து முகத்துல அடிச்சது பாருங்க, தாத்தா அங்கயே நின்னுட்டார். நட்டநடு வாசல்ல. முன்னால போறவங்களும் போக முடியலை, பின்னால வர்றவங்களும் வர முடியலை. செக்யூரிட்டி வந்து, "ஐயா, உள்ள வாங்க"ன்னார். தாத்தா கை தானா தோளுக்குப் போச்சு. துண்டை எடுத்தார். இடுப்புல கட்டப் போனார். ஊர்ப்பக்கம் இருந்து வந்தவங்களுக்கு அது என்னன்னு நான் சொல்ல வேண்டாம். பெரிய இடம், பெரிய மனுஷங்க, துண்டு தோள்ல இருக்கக் கூடாது. எத்தனை வருஷத்துப் பழக்கம் அது! பாதி கட்டினவர், சுத்தியும் முத்தியும் பார்த்தார். யாரும் அவரைக் கவனிக்கவே இல்லை. அவனவன் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டிருக்கான். துண்டை உதறினார். மறுபடியும் தோள்லயே போட்டுக்கிட்டார். உள்ள நடந்தார்.

(தட்டுங்க, அது எங்க தாத்தாவுக்கு.)

நேரா ஒரு சட்டைக் கடைக்குள்ள போயிட்டார். சின்னப் பையன் ஒருத்தன் கவுன்டர்ல. "அதை எடு." எடுத்தான். "அதுக்குப் பக்கத்துல நீலம்." எடுத்தான். "முழுக்கை இருக்கா?" இருக்கு. கவுன்டர் பூரா சட்டை. அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுது, ஏசிக்குள்ளயே! தாத்தா ஒவ்வொண்ணையும் தடவிப் பார்த்தார், காலரைத் திருப்பிப் பார்த்தார், விலையைக் கேட்டார். கேட்டுட்டு, "நல்லா இருக்கு, வெச்சுக்கோ"ன்னு எழுந்தார். அந்தப் பையன் முகம் சுளிக்கலை. சட்டைகளை மடிச்சுக்கிட்டே சொன்னான்: "பரவாயில்லை சார், இன்னொரு நாள் வாங்க."

சார்!

அன்னிக்கு ராத்திரி எங்க தெருவுல கதை தொடங்குச்சு. முதல் நாள், "கடைக்காரப் பையன் சார்னு கூப்பிட்டான்." மறுநாள் டீக்கடையில, "ரெண்டு பேரு எழுந்து நின்னு சார்னாங்க." ஆடி மாசம் கூழ் ஊத்தறப்போ, "மேனேஜரே வந்துட்டான்யா." தீபாவளிக்குள்ள அந்த மேனேஜர் நாற்காலி போட்டு, கூல்டிரிங்க்ஸ் கொடுத்து, கோட்டுத் துணி அளவெடுக்கற வரைக்கும் வந்துடுச்சு. யாரும் அவரைத் திருத்தலை. திருத்த எங்க யாருக்கும் மனசு வரலை.

அக்கா, எங்க தாத்தா ஒரு பைசாவுக்கும் எதுவும் வாங்கலை. உங்க கணக்குல தொண்ணூறுல ஒருத்தர் அவர். இப்ப சொல்லுங்க, அவர் அங்க சும்மாவா போயிட்டு வந்தார்?

இன்னொருத்தரையும் அந்தத் தொண்ணூறுல சேர்த்துக்கங்க. எங்க அம்மா. ரங்கநாதன் தெருவுக்குப் போற நாள்ல எங்க அம்மா காலையிலேர்ந்து தண்ணி குடிக்க மாட்டாங்க. ஏன்னு இங்க இருக்கிற ஆம்பளைங்களுக்குத் தெரியாது. பொம்பளைங்களுக்குத் தெரியும், தலையாட்டுறாங்க பாருங்க. பண்டிகைக் கூட்டத்துல, மாம்பலம் ஸ்டேஷன்லேர்ந்து உஸ்மான் ரோடு வரைக்கும் இடிபட்டு நடக்கிற பொம்பளை எங்க ஒதுங்குவா? கழிப்பறைன்னு ஒண்ணு, கதவுக்குத் தாழ்ப்பாளோட, தண்ணியோட, எதுவும் வாங்காமலே போய் வரலாம்னு ஒரு இடம் மவுன்ட் ரோட்டுல கிடைச்சப்ப, எங்க அம்மா முதல் தடவையா வெளிய வந்த இடத்துல வயிறு நிறையத் தண்ணி குடிச்சாங்க. கைக்குழந்தைக்காரி உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு மூலை. வெளியூர்லேர்ந்து இன்டர்வியூவுக்கு வந்த பையன், காலையில ஒரு ஆபீஸ், சாயங்காலம் ஒரு ஆபீஸ், நடுவுல சட்டை கசங்காம இருக்க ஒரு படிக்கட்டு. மியூசிக் வேர்ல்டுல கேசட் வாங்கக் காசில்லாத காலேஜ் பசங்க. இவங்கதான் அக்கா அந்தக் கூட்டம். மத்தியானம் ரெண்டு மணிக்கு, மே மாசத்துல, இந்த ஊர்ல காசில்லாதவன் கௌரவமா உட்கார வேற எந்த இடம் இருந்துச்சுன்னு சொல்லுங்க. பீச்சா? சாயங்காலம் வரைக்கும் மணல்ல கால் வைக்க முடியாது.

அப்புறம் வந்தது உங்களுக்கே தெரியும். 2006-ல சிட்டி சென்டர், 2009-ல அமிஞ்சிக்கரையில ஸ்கைவாக், 2010-ல எக்ஸ்பிரஸ் அவென்யூ. 2013-ல விஜயா-வாஹினி ஸ்டுடியோ இருந்த வடபழனி மண்ணுல ஒண்ணு, அதே வருஷம் வேளச்சேரியில பீனிக்ஸ். 2018-ல அண்ணா நகர்ல வி.ஆர். எல்லாம் நல்லா இருக்கட்டும்.

"மால் வந்தா சின்ன வியாபாரி அழிஞ்சான்"னும் எதிரணி சொன்னாங்க. ஸ்பென்சருக்குள்ள போய்ப் பாருங்க. அங்க நிறையக் கடைகள் தனித்தனி ஆளுங்களுக்குச் சொந்தம். தையக்காரர், வாட்ச் ரிப்பேர், செல்போன் ரிப்பேர், சால்வை விக்கிற காஷ்மீர்க்காரர்னு ஆளுக்கு ஒரு ஷட்டர். கடைத்தெருவையே எடுத்துக் கூரைக்குள்ள வெச்ச இடம் அது. எல்லாருக்கும் இடம் கிடைச்சதும் அதனாலதான். புது மால்கள் வந்தப்ப, ஒரே முதலாளி இருக்கிற இடத்துல ஒரே நாள்ல எடுக்கிற முடிவை ஸ்பென்சர்ல அத்தனை பேரும் கூடி எடுக்க முடியாமக் கூட்டம் குறைஞ்சதும் அதனாலதான்.

எங்க அக்கா பன்னிரண்டாவது முடிச்ச கையோட அங்க ஒரு பரிசுப் பொருள் கடையில வேலைக்குச் சேர்ந்தா. நான் காலேஜ் ஃபீஸ் கட்டினது அவ சம்பளத்துல. இங்கிலீஷ் அவ கத்துக்கிட்டது வாடிக்கையாளர்கிட்ட. இந்தி கத்துக்கிட்டது பக்கத்துக் கடை காஷ்மீர் பாய்கிட்ட. அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது இவ. அதனால அவர் இன்னிக்கும் வியாசர்பாடித் தமிழ்தான் பேசுவார். அக்கா கல்யாணம் வைகாசி மாசம். மண்டபத்துல ஃபேன் சுத்தியும் எல்லாரும் விசிறிக்கிட்டிருக்கோம். பாய் வந்தார், எங்க அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை கொண்டு வந்தார். அந்த வெயில்ல! எங்க அம்மா அதை வாங்கி, பிரிச்சு, பட்டுப் புடவைக்கு மேல போர்த்திக்கிட்டு, முகூர்த்தம் முடியற வரைக்கும் எடுக்கலை. வேர்வை வழியுது. "எடும்மா"ன்னா, "எங்கயோ இருந்து வந்த புள்ளை, பெத்தவளுக்குக் குடுக்கற மாதிரி குடுத்திருக்கு, பார்த்துக்கிட்டிருக்கான், எப்படிடா எடுப்பேன்"னாங்க.

அம்மா இப்ப இல்லை. தாத்தாவும் இல்லை. அந்தச் சால்வை அக்கா வீட்டுப் பீரோவுல அந்துருண்டையோட இருக்கு. பாய் கடை மட்டும் அங்கயே இருக்கு. ரெண்டு பக்கமும் ஷட்டர் இறங்கியிருக்கு. போன மாசம் பார்த்தப்ப, "ஆளே வர்றதில்லபா, வெளக்கு ஏத்தி வெச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்கேன்"னார்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை நீங்க எப்படி வேணும்னாலும் சொல்லுங்க. உங்க எல்லார்கிட்டயும் எனக்கு ஒரு வேண்டுதல் மட்டும் இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு ஸ்பென்சருக்குப் போங்க. எதுவும் வாங்க வேண்டாம், காத்து வாங்குங்க. முதல் மாடியில சால்வைக் கடையில வியாசர்பாடித் தமிழ் பேசற ஒருத்தர் இருப்பார். உள்ள போய் ரெண்டு சால்வையைப் பிரிச்சுக் காட்டச் சொல்லி, விலை கேட்டுட்டு வாங்க. அவர் கோவிச்சுக்க மாட்டார். எதிரணி அக்கா, உங்களை நானே கூட்டிக்கிட்டுப் போறேன், ஆட்டோ காசும் நானே கொடுக்கறேன். நன்றி, வணக்கம்.