ஒரே அறையில் இரண்டு மொழி

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

போன மாதம் என் பேத்திக்குப் பல்கலைக்கழக முடிவு வந்தது. பேராதனை, கலைப்பீடம். அன்றிரவே கொப்பியும் பேனையுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மம்மா, நீங்க போகக்குள்ள என்னென்ன கொண்டு போனீங்க?" வாளி, ஆமைப்பூட்டு, தடித்த போர்வை என்று சொல்லச் சொல்ல எழுதினாள். பேராதனைக் குளிர் மட்டக்களப்புப் பிள்ளைக்குப் புதிது. ஹந்தானை மலையிலிருந்து பனி இறங்கினால் காலையில் விரல் மடங்காது.

பல்கலைக்கழக வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, அந்த வாழ்க்கையில் எதை எடுப்பது என்று சில நாள் யோசித்தேன். எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது விரிவுரை மண்டபம் இல்லை, ஹில்டா ஒபேசேகர விடுதியில் நான் இருந்த அறைதான். அதைப் பற்றியே பேசுகிறேன்.

1975இல் நான் போனேன். இரவு மெயிலில் ஏறி, பொல்காவலையில் இறங்கி, கண்டிக் கோச்சிக்கு மாறி, சரசவி உயன என்ற சின்ன ஸ்டேஷனில் அப்பாவோடு இறங்கினேன். பெயர்ப்பலகையில் தமிழில் எழுதியிருந்ததை வாசித்தேனே தவிர, பொருள் விளங்கவில்லை. சரசவி என்பது நம்முடைய சரஸ்வதிதான், உயன என்றால் பூங்கா என்று பிறகு ஒருத்தி சொல்லித்தந்தாள். அந்த ஒருத்திதான் என் அறைத்தோழி. மாத்தறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள்.

அந்த இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். மாணவர்கள் தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகமாக அது இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதற்காகத்தான் மகாவலி ஓரத்தில், ஹந்தானை அடிவாரத்தில், எழுநூறு ஹெக்டேயர் அளவான நிலத்தில் வளாகத்தை எழுப்பினார்கள். 1952இல் கலைப்பீடம் அங்கே இடம் மாறியது. விடுதிகளுக்குப் பெயர் வைத்ததைப் பாருங்கள்: அருணாசலம், ஜயதிலக்க, இராமநாதன், சங்கமித்தா. ஒரே வளாகத்தில் எல்லாரையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள்.

அப்போது படிப்பெல்லாம் ஆங்கிலத்தில். கொழும்பு, யாழ்ப்பாணம், கண்டி, காலி நகரங்களின் பெரிய பாடசாலைகளிலிருந்து வந்த பிள்ளைகள்தான் அதிகம். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி கிராமத்துப் பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டு வந்தது. ஆனால் பல்கலைக்கழக வாசலில் ஆங்கிலம் காவல் நின்றது. 1960இலிருந்து கலைப்பீடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் படிப்பிக்கத் தொடங்கியபோதுதான் அந்தக் காவல் விலகியது. எங்கள் ஊரில் கூப்பன் கடைக் கணக்குப்பிள்ளையின் மகளாகிய நான் பட்டதாரியானது அதனால்தான். தாய்மொழியில் படித்ததைப் பற்றி இன்றைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் நடந்தது. அதே வரலாறு, அதே பொருளியல், அதே புவியியல். சிங்களப் பிள்ளைகளுக்கு ஒரு மண்டபம், எங்களுக்கு ஒரு மண்டபம். சில வேளை அதே விரிவுரையாளர்தான் காலையில் அங்கே ஒரு மொழியிலும் பின்னேரம் இங்கே ஒரு மொழியிலும் படிப்பிப்பார். நாங்கள் வாசலில் ஒருவரை ஒருவர் கடந்து போவோம், அவ்வளவுதான். நாலு வருஷம் ஒரே பாடத்தைப் படித்துவிட்டு, பக்கத்து மண்டபத்தில் இருந்தவரின் பெயர் தெரியாமல் பட்டம் வாங்கிக்கொண்டு போக முடியும். பலர் அப்படித்தான் போனார்கள்.

எனக்கு அப்படி ஆகாமல் போனதற்குக் காரணம், விடுதியில் அந்த வருஷம் யாரோ ஒருவர் போட்ட அறைப் பட்டியல்.

இரண்டு கட்டில், இரண்டு மேசை, நடுவில் ஒரு அலுமாரி. முதல் கிழமை நாங்கள் பேசிக்கொண்டது அரைகுறை ஆங்கிலத்தில். இரண்டு பேருக்கும் அது வராது. எங்கள் தளத்தில் அக்குறணைப் பிள்ளை ஒருத்தி இருந்தாள், இரண்டு மொழியும் தண்ணீர்பட்ட பாடு. முக்கியமான விஷயம் என்றால் அவளைக் கூப்பிடுவோம். அவள் இல்லாத ஒரு மழை நாளில், அறைத்தோழி அலுமாரியைத் தட்டி "அல்மாரிய" என்றாள். நான் "அலுமாரி" என்றேன். அவள் மேசையைக் காட்டி "மேசய" என்றாள். நான் பாணைக் காட்டினேன். "பாண்" என்றாள். சப்பாத்தைக் காட்டினேன். "சபத்து." அப்புறம் எங்களுக்கு நிறுத்த முடியவில்லை. கோச்சி, குசினி, பீங்கான், தோடம்பழம், அக்கா, அம்மா. ஒரு தாளை எடுத்து, இந்தப் பக்கம் தமிழும் அந்தப் பக்கம் சிங்களமுமாக எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினோம். அவற்றில் பல போர்த்துக்கீசர் கொண்டுவந்த சொற்கள் என்று பிறகு தெரிந்தது. அதனால் என்ன? இரண்டு வீட்டுக் குசினியிலும் அதே பெயரோடுதானே இருந்தன.

ஒரு நாள் அவள் ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துவிட்டு, "மல்லிக்குச் சுகமில்லை" என்று கண் கலங்கினாள். கொத்தமல்லிக்கு ஏன் அழுகிறாள் என்று நான் திகைத்துப் போனேன். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. அன்றிரவு நான் கொத்தமல்லி அவித்து அவளுக்குக் கொடுத்தேன். அவளுக்கும் லேசான காய்ச்சல்தான். அதற்குப் பிறகு அவளுடைய தம்பிக்கு எங்கள் அறையில் கொத்தமல்லி என்றே பெயர்.

இரவில் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிப்போம். அவள் குறிப்பிலிருந்து எனக்கு விளங்கப்படுத்துவாள், நான் என் குறிப்பிலிருந்து அவளுக்கு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பதைக் குப்பி என்கிறார்கள். குப்பி விளக்கிலிருந்து வந்த பெயராம். எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும், சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் அதைக் குப்பி என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல் எங்கள் காலத்தில் இருந்திருந்தால் அதையும் அலுமாரிக் கதவில் ஒட்டியிருப்போம்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் என்னோடு குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு மலையேறி வருவாள். புக்கை அவளுக்கு மிகவும் பிடிக்கும். வெசாக் நாளில் நான் அவளோடு சேர்ந்து வெளிச்சக் கூடு கட்டினேன்.

திறந்தவெளி அரங்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மரங்களுக்கு நடுவே சரிவாக இறங்கும் ஒரு பள்ளம். சிங்களத்தில் 'வள' என்பார்கள், பள்ளம் என்றுதான் பொருள். பின்னாளில் சிங்கள நாடகாசிரியர் பேராசிரியர் சரச்சந்திரவின் பெயரை அதற்கு வைத்தார்கள். அவருடைய 'சிங்கபாகு' 1961இல் முதன்முதலாக மேடையேறியது அங்கேதான். என் இரண்டாம் வருஷத்தில் அந்த நாடகத்தைப் பார்க்க அறைத்தோழி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பாய் விரித்துப் புல்லில் உட்கார்ந்தோம். எனக்கு அரைவாசி வசனம் விளங்காது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

முதல் அடி மத்தளம் விழுந்தது. என் உடம்பு நிமிர்ந்துவிட்டது. அது எங்கள் ஊர்க் கூத்துக் களரியில் நான் சின்ன வயசிலிருந்து கேட்ட மத்தளம்! பாத்திரங்கள் பாடிக்கொண்டு வந்த வரவு, ஆட்டத்தின் சாயல், எல்லாம் தெரிந்த முகங்களாக இருந்தன. சரச்சந்திர எடுத்துக்கொண்ட நாடகம என்ற வடிவம், நம்முடைய கூத்திலிருந்து சிங்களக் கரையோர ஊர்களுக்குப் போனது. அங்கேயும் ஆட்டம் பழக்குகிறவருக்குப் பெயர் அண்ணாவிதான். தோழியிடம் இதை அவளுடைய மொழியில் சொல்லத் தெரியாமல், மத்தளத்தைக் காட்டி "எங்கட, எங்கட" என்றேன். அவள் தலையாட்டினாள். "அபே, அபே" என்றாள். எங்களுடையது, எங்களுடையது என்று.

அந்த ஊற்று திரும்பியும் பாய்ந்திருக்கிறது. சரச்சந்திரவின் நாடகங்கள் தந்த உந்துதலில், பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கிராமங்களுக்கு வந்தார். அண்ணாவிமாரைக் கண்டார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கிப் பேராதனை மாணவர்களைக் கொண்டு ஆட வைத்தார். 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடியவர் எங்கள் மட்டக்களப்புப் பிள்ளை மௌனகுரு. படித்தவர்கள் கூத்தாடுவதா என்று முகம் சுளித்த காலத்தில், பல்கலைக்கழக மாணவர் சலங்கை கட்டி ஆடினார் என்ற செய்தி எங்கள் ஊரில் என்ன செய்தது என்பது எனக்குத் தெரியும். எங்கள் அண்ணாவியார் அதற்குப் பிறகு தலையை நிமிர்த்தி நடந்தார்.

பகிடிவதையைப் பற்றி ஒரு வார்த்தை. அது புதிய மாணவர்களைச் சமமாக்குகிறது, பணக்காரன் ஏழை என்ற வித்தியாசத்தை உடைக்கிறது என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. பிள்ளைகளின் உயிர் போன பிறகுதான் அந்தச் சட்டமே வந்தது. இருந்தும் ஒழிந்தபாடில்லை. பயந்து நடுங்குகிற பிள்ளை யாருக்கும் சமமாவதில்லை. எங்களைச் சமமாக்கியது ஒரே சாப்பாட்டு வரிசையும், ஒரே குழாயில் வந்த குளிர்தண்ணீரும், ஒரே அறையும். சமத்துவம் வேண்டுமென்றால் அதைத் தாருங்கள். ஒரு பதினெட்டு பத்தொன்பது வயசுப் பிள்ளையை இரவில் எழுப்பி அழவைக்கிறவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

அந்த வாழ்க்கை எல்லாவற்றையும் தடுத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 1977 ஆகஸ்டில் நாடு எரிந்தது. நான் அப்போது ஊரில் இருந்தேன். திரும்பிப் போவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரே சண்டை. அந்த நேரம் மாத்தறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தமிழில்! ஐந்தே வரி. 'ண'வும் 'ன'வும் இடம் மாறி, புள்ளிகள் விட்டுப்போய், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. அறையில் அலுமாரிச் சாவி தன்னிடம் இருக்கிறது, நான் வந்தால்தான் அதைத் திறப்பாளாம் என்று எழுதியிருந்தாள். அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு போய் ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார்.

1983இல் இன்னும் மோசமானது நடந்தது, அந்த வளாகத்துக்குள்ளும் நடந்தது. நான் அப்போது படிப்பை முடித்து ஆசிரியையாக இருந்தேன். அந்தச் செய்தியைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை அறைகளில் எங்களுடையதைப் போல ஒரு தாள் ஒட்டப்படாமலே போனதோ என்று நினைத்தேன்.

அதனால்தான் பல்கலைக்கழகங்களை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகள் தெரிந்தவர்களோடு, ஊராரோடு அறை கேட்பார்கள். அது இயல்பு. ஆனால் முதல் வருஷத்திலாவது அறைப் பட்டியலை நீங்கள் போடுங்கள். ஒரு மட்டக்களப்பு, ஒரு மாத்தறை, ஒரு அக்குறணை, ஒரு ஹட்டன் என்று கலந்து போடுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

சித்திரைப் புத்தாண்டு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் வரும். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு அவள் தொலைபேசியில் எடுப்பாள். அவள் என் தமிழிலும் நான் அவள் சிங்களத்திலும் பேசுவோம், அது பழகிப்போன வழக்கம். பேத்தியின் செய்தியைச் சொல்ல இந்தத் தரம் நானே முந்தி எடுத்தேன். வாழ்த்துச் சொல்லவில்லை, எந்தப் பாடம் என்றும் கேட்கவில்லை. "ரூமில யார்?" என்றுதான் முதலில் கேட்டாள்.

இன்னும் அறை கொடுக்கவில்லை. தெரிந்ததும் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.