மூன்று பவுண்டு ‘எக்கோஸ்’: வரிசைக்கு வணக்கம், வெட்டுக்கு எதிர்ப்பு

வணக்கம் நண்பர்களே. சென்ற காணொளியில் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தைப் பற்றிப் பேசி முடித்தபோது அடுத்தது என்னவென்று நான் சொல்லாமல் விட்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் இந்த வாரம் என் கைக்கு வந்து சேர்ந்திருக்கும் பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு எதைப் பற்றியும் பேச என்னால் இயலாது. இதோ, கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். ‘எக்கோஸ்: தி பெஸ்ட் ஆஃப் பிங்க் ஃபிளாய்ட்’. 2001 நவம்பரில் வெளிவந்த தொகுப்பு. இரண்டு சிடிக்கள், 26 பாடல்கள். இதன் விலை மூன்று பவுண்டு.

விலையை இன்னொரு முறை சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. லண்டனில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருள் கடைகளில் நான் எத்தனை மணி நேரம் குனிந்து நிற்பேன் என்பது பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்படி ஒரு கடையில், சமையல் குறிப்பு டிவிடிக்களுக்கும் கிறிஸ்துமஸ் பாடல்களுக்கும் நடுவே இது செருகப்பட்டிருந்தது. இரண்டு தட்டுகளிலும் ஒரு கீறல்கூட இல்லை, பாடல் விவரங்கள் அடங்கிய சிறு புத்தகம் மடங்காமல் அப்படியே இருக்கிறது, பெட்டியின் கீல் ஒன்று மட்டும் உடைந்திருக்கிறது. விலைச் சீட்டை அட்டைப் படத்தின் சரி நடுவில் ஒட்டியிருந்தார்கள். அதை முடி உலர்த்தியின் சூட்டில் இளக்கி, நகத்தால் ஓரத்திலிருந்து மெல்ல உரித்து, மிச்சமிருந்த பசையைத் துடைத்தெடுக்க ஒரு மாலைப்பொழுதே ஆயிற்று. ஸ்டார்ம் தார்கர்சன் வடிவமைத்த அட்டை இது. ஒரு ஜன்னலுக்குள் இன்னொரு ஜன்னலாகப் பார்வை உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கும். இசைக்குழுவின் பழைய அட்டைகளில் இருந்த பொருள்கள் அந்த ஜன்னல்களைச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். அத்தகைய படத்தின் மேல் சீட்டு ஒட்ட ஒருவருக்குக் கை எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

இனி ஆல்பத்துக்கு வருகிறேன். தொகுப்பு ஆல்பங்களை நான் விரும்புவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். புகழ் பெற்ற பாடல்களை ஆண்டு வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பின் இரண்டு விநாடி மௌனத்தை வைத்து விற்பதற்கு ஒரு இசைக்குழுவின் பெயர் தேவையில்லை. ‘எக்கோஸ்’ அந்த வகையைச் சேர்ந்தது அன்று. ஜேம்ஸ் கத்ரி, 1979ஆம் ஆண்டின் ‘தி வால்’ ஆல்பத்தின் காலத்திலிருந்து இவர்களுடன் வேலை செய்த ஒலிப்பதிவாளர், பாடல்களை ஆண்டு வரிசையைக் கலைத்து அடுக்கியிருக்கிறார். ஒன்று முடியும் ஓசைக்குள்ளிருந்தே அடுத்தது எழும்படி, பூ தொடுப்பவர் நார் வெளியே தெரியாமல் கட்டுவதைப் போல, ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார். 1967ஆம் ஆண்டின் பாடலுக்குப் பக்கத்தில் 1979ஆம் ஆண்டின் பாடல் வந்து நிற்கிறது. அது அந்நியமாகவே தெரியவில்லை.

இந்த இணைப்புகளைக் கேட்பதில்தான் எனக்குப் பெரிய இடையூறு ஒன்று வந்தது. வழக்கம்போல இரண்டு தட்டுகளையும் எம்பி3 கோப்புகளாக மாற்றிக் கையடக்க இசைக்கருவியில் ஏற்றினேன். முதல் பாடலிலிருந்து இரண்டாம் பாடலுக்குப் போகும் இடத்தில் ஒரு விக்கல் கேட்டது. அடுத்த இடத்திலும் விக்கல். கருவியைக் குறை சொன்னேன், ஹெட்ஃபோன் கம்பியை மாற்றினேன், கருவியின் அமைப்புகளில் இடைவெளியில்லாமல் ஒலிப்பதற்கான பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினேன், விக்கல் நிற்கவில்லை. காரணம் எம்பி3 வடிவத்திலேயே இருக்கிறது. அந்த வடிவம் ஒலியைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்துச் சுருக்குவதால், ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் மிகச் சிறிய மௌனம் ஒன்று ஒட்டிக்கொள்கிறது. தனிப் பாடல் கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஓசை அறுபடாமல் ஓடும் இத்தகைய ஆல்பத்தில் அது காதில் அறைகிறது. இரண்டு தட்டுகளையும் மறுபடியும் ஃபிளாக் வடிவத்தில் எடுத்தேன். அந்த வடிவத்தில் ஒரு விநாடியின் துணுக்குகூடக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ‘தி ஹேப்பியஸ்ட் டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ முடிந்து ‘அனதர் பிரிக் இன் தி வால்’ இரண்டாம் பகுதி தையல் தெரியாமல் தொடங்கியபோது நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். உங்கள் கருவியிலும் விக்கல் இருந்தால், புதிய கருவி வாங்குவதற்கு முன் கோப்பின் வடிவத்தை மாற்றிப் பாருங்கள்.

இப்போது என் ஆத்திரத்துக்கு வருகிறேன். ஆல்பத்தின் பெயரே ‘எக்கோஸ்’. 1971இல் வந்த ‘மெடில்’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதையும் நிறைத்த பாடலின் பெயர் அது. கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் பியானோவில் ஒற்றைச் சுரம், நீருக்கு அடியிலிருந்து வருவதைப் போல ஒலித்துத் தொடங்கும்; நடுவில் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் தம் கிட்டார் ஒலியைக் காலால் மாற்றும் வா-வா பெடலின் இணைப்புகளைத் தலைகீழாக மாற்றி எழுப்பிய, கடற்பறவை அலறுவது போன்ற அந்த ஓசை வரும்; மொத்தம் 23 நிமிடங்களுக்கும் மேல். தன் பெயரையே ஆல்பத்துக்குக் கொடுத்த அந்தப் பாடலை இங்கே ஆங்காங்கே வெட்டி, பதினாறரை நிமிடமாக்கிவிட்டார்கள். ஏழு நிமிடங்கள் போய்விட்டன. வெட்டுகளைத் திறமையாகச் செய்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முழுப் பாடலை அறியாதவர் எதையும் சந்தேகிக்க மாட்டார். ஆனால் அந்தப் பாடலின் பலமே அதன் பொறுமையில் இருக்கிறது. காத்திருக்க வைத்து, இனி எதுவும் வராது என்று தோன்றும் கட்டத்தில் மெட்டைத் திருப்பிக் கொடுக்கும் பாடல் அது. காத்திருப்பைக் குறைத்தால் திரும்பி வருவதன் மதிப்பும் குறைகிறது.

சிடியில் இடம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஒரு தட்டில் ஏறத்தாழ 80 நிமிடம் அடங்கும். முதல் தட்டு 77 நிமிடத்துக்கு அருகிலும் இரண்டாவது 78 நிமிடத்துக்கு மேலும் போகின்றன. ஆக, இடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதே முதல் தட்டின் கடைசியில் ‘சாரோ’ இருக்கிறது, எட்டே முக்கால் நிமிடத்துக்கு. அந்தப் பாடல் இடம்பெற்ற, 1987ஆம் ஆண்டின் ‘எ மொமெண்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்’ ஆல்பத்தை நான் எவ்வளவு குறைவாக விரும்புகிறேன் என்று தனியாக ஒரு காணொளியே போட்டிருக்கிறேன், ஆகவே இது உங்களுக்கு வியப்பாக இருக்காது. எந்திரத்தின் தாளம், தடித்த எதிரொலி, கனமான கிட்டார். எட்டே முக்கால் நிமிடம் கழித்தும் பாடல் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் ‘எக்கோஸ்’ பாடலை முழுமையாக வைத்துவிட்டு, மேலும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் மிஞ்சும். அந்த மிச்சத்தை ‘மரூன்ட்’ பாடலுக்குக் கொடுத்திருக்கலாம். 1994ஆம் ஆண்டின் ‘தி டிவிஷன் பெல்’ ஆல்பத்திலிருந்து வந்து, சிறந்த ராக் வாத்திய இசைக்கான கிராமி விருது பெற்ற படைப்பு அது. அதை இங்கே இரண்டே நிமிடங்களுக்கு நறுக்கி, அடுத்த பாடலுக்கு முன்னுரையாக வைத்திருக்கிறார்கள்.

அடுத்த பாடல் எது என்று சொல்லாமல் போகிறேனே: ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’. ரைட்டின் பியானோவின் மேல் கிளேர் டோரி என்ற பாடகி சொல்லே இல்லாமல் பாடிய பாடல். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடிவிட்டுப் போனதற்கு அவருக்குக் கிடைத்தது முப்பது பவுண்டு. இந்தச் சிறு புத்தகத்தில் இசையமைப்பு என்ற இடத்தில் ரைட்டின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. டோரி 2004இல் வழக்குத் தொடுத்த பிறகுதான் இணை இசையமைப்பாளர் என்ற உரிமை அவருக்குக் கிடைத்தது. அந்தக் குரலின் ஏற்ற இறக்கங்களைக் கேட்கும் எவருக்கும் அந்த உரிமை எவ்வளவு தாமதமாக வந்தது என்பது புரியும்.

இடம்பெறாத ஆல்பங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘மோர்’, ‘உம்மாகும்மா’, ‘ஆட்டம் ஹார்ட் மதர்’, ‘அப்ஸ்க்யூர்ட் பை கிளௌட்ஸ்’ ஆகிய நான்கிலிருந்தும் ஒரு பாடல்கூட இல்லை. இவற்றில் 1970ஆம் ஆண்டின் ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ பிரிட்டனில் இவர்களுக்கு முதலிடம் பெற்றுத் தந்த முதல் ஆல்பம். முழு வாழ்க்கையையும் அளக்கும் தொகுப்பு என்றால் அதற்கு ஐந்து நிமிடமாவது கொடுத்திருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இந்த ஆல்பத்தை நான் நேசிக்கக் காரணம் இரண்டாவது தட்டு. இது அடிப்படையில் சிட் பாரெட்டைப் பற்றிய ஆல்பம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இசைக்குழுவின் தொடக்கத்தில் பாடல் எழுதி, பாடி, கிட்டார் வாசித்து முன்னால் நின்றவர். 1968இலேயே மனநிலை குலைந்து விலக நேர்ந்தவர். அவர் எழுதிய பாடல்கள் ஐந்து இங்கே இருக்கின்றன. வழக்கமான தொகுப்பில் அவை முதல் கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துபோயிருக்கும். இங்கே தொடக்கத்திலிருந்து முடிவு வரை பரவிக் கிடக்கின்றன. 2001இல் அவர் கேம்பிரிட்ஜில் உயிரோடு, யாருக்கும் பேட்டி கொடுக்காமல் வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள்.

இரண்டாவது தட்டைத் தொடங்கி வைப்பது அவருக்காக எழுதப்பட்ட ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’. 1975இல் அபே ரோடு ஸ்டுடியோவில் அந்தப் பாடல் இடம்பெற்ற ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு, உடல் பருத்து, பாரெட்டே ஒரு நாள் உள்ளே வந்து நின்றதையும், நண்பர்களால் அவரை உடனே அடையாளம் காண முடியாமல் போனதையும் முன்பே விரிவாகச் சொல்லியிருக்கிறேன். ஒன்பது பகுதிகள் கொண்ட அந்தப் பாடலிலிருந்து ஏழு பகுதிகளை மட்டும் எடுத்து, பதினேழரை நிமிடமாக ஒட்டியிருக்கிறார்கள். இங்கேயும் எனக்கு வருத்தம் உண்டு. விடுபட்ட ஒன்பதாம் பகுதியின் கடைசி விநாடிகளில், ஓசை தேய்ந்து போகும்போது, பாரெட்டின் ‘சீ எமிலி ப்ளே’ மெட்டிலிருந்து ஒரு துளியை ரைட் தம் கீபோர்டில் வாசித்துவிட்டுப் போவார். இந்தத் தொகுப்பின் இரண்டாவது பாடலே ‘சீ எமிலி ப்ளே’ என்னும்போது, அந்தத் துளியை வைத்திருந்தால் இரண்டு தட்டுகளும் தாமாகவே பிணைந்திருக்கும்.

நடுவில், இசைக்குழுவின் பேஸ் கிட்டார் கலைஞரும் பாடலாசிரியருமான ரோஜர் வாட்டர்ஸுக்கான பகுதி வருகிறது. அவருடைய தந்தை எரிக் ஃப்ளெட்சர் வாட்டர்ஸ் 1944இல் இத்தாலியின் அன்ஸியோவில் போரில் இறந்தவர். அவர் பெயரைத் தாங்கிய ‘தி ஃப்ளெட்சர் மெமோரியல் ஹோம்’, அடுத்து ‘கம்ஃபர்ட்டப்ளி நம்ப்’, அதற்கடுத்து அந்த மரணத்தையே நேரடியாகச் சொல்லும் ‘வென் தி டைகர்ஸ் ப்ரோக் ஃப்ரீ’. கடைசியாகச் சொன்னது 1982இல் சிங்கிளாக, அதாவது தனிப் பாடல் வெளியீடாக, வந்த பாடல். அதற்கு இந்தத் தொகுப்பில்தான் சரியான இடம் கிடைத்தது. ‘கம்ஃபர்ட்டப்ளி நம்ப்’ பாடலில் வரும் கில்மோரின் கிட்டார் தனி வாசிப்பை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தந்தையை இழந்த மகனின் இரண்டு பாடல்களுக்கு நடுவில் வைத்துக் கேட்கும்போது அது வேறு பாரத்தோடு வந்து விழுகிறது.

முதல் தட்டில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், இங்கே அது தேவைப்படுகிறது. ‘செட் தி கண்ட்ரோல்ஸ் ஃபார் தி ஹார்ட் ஆஃப் தி சன்’ என்ற பாடலில் பாரெட், அவர் இடத்தை நிரப்ப வந்த கில்மோர் இருவருமே வாசித்திருக்கிறார்கள். இசைக்குழுவின் ஐந்து பேரும் சேர்ந்து இருக்கும் ஒரே பாடல் அது. அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இப்போது கடைசி ஐந்து பாடல்கள். முதலில் ‘ஆர்னால்ட் லேன்’, 1967இல் வந்த இவர்களின் முதல் சிங்கிள், பாரெட் எழுதியது. அதன் பிறகு ‘விஷ் யூ வேர் ஹியர்’, பாரெட் இல்லாத வெறுமையைச் சுற்றி உருவான ஆல்பத்தின் பெயர்ப் பாடல். உடனே ‘ஜக்பேண்ட் ப்ளூஸ்’. இசைக்குழுவுடன் பாரெட் விட்டுச் சென்ற கடைசிப் பாடல் அதுதான். தான் அங்கே இல்லை என்பதைத் தானே பாடும் மனிதனின் குரல். 1975ஆம் ஆண்டின் அழைப்புக்கு 1968ஆம் ஆண்டின் ஆல்பத்திலிருந்து பதில் வருகிறது. காலத்தைப் புரட்டிப் போட்டதால் மட்டுமே கிடைக்கக்கூடிய உரையாடல் இது, எந்தத் தனி ஆல்பத்திலும் இதைக் கேட்க முடியாது. பிறகு ‘ஹை ஹோப்ஸ்’: கேம்பிரிட்ஜின் இளமைக்காலத்தைத் திரும்பிப் பார்க்கும் பாடல், அன்றைக்கு அவர்களின் கடைசி ஆல்பமாக இருந்ததன் கடைசிப் பாடல். அதன் பின் ‘பைக்’, முதல் ஆல்பத்தின் கடைசிப் பாடல். தொகுப்பின் முதல் பாடலான ‘அஸ்ட்ரானமி டோமினே’, அதே முதல் ஆல்பத்தின் பிரிட்டன் பதிப்பில் முதல் பாடல். தொடங்குவதும் பாரெட், முடிப்பதும் பாரெட். பிரிந்து சண்டையிட்டு, வழக்கறிஞர்கள் மூலம் பேசிக்கொண்டிருந்த வாட்டர்ஸும் மற்றவர்களும் இந்த ஒழுங்குக்குச் சம்மதித்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

2011இல் வந்த ‘எ ஃபுட் இன் தி டோர்’ தொகுப்பை வாங்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒரே தட்டு, 16 பாடல்கள், அவற்றில் பாரெட்டுடையது ஒன்றே ஒன்று. ‘எக்கோஸ்’ பழைய கடைகளில் இன்னும் கிடைக்கிறது; கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பாடல்களின் வரிசையைக் கலைக்கும் ஷஃபிள் பொத்தானைத் தொடாதீர்கள், ‘மெடில்’ ஆல்பத்தையும் தனியாக வாங்கி அந்த 23 நிமிடப் பாடலை ஒருமுறையாவது முழுவதும் கேளுங்கள். அடுத்த காணொளி, இந்தத் தொகுப்பு கைவிட்ட ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ பற்றியது.