குதிரை நழுவிய சாலை

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில், கிரான்தம் என்றொரு பழைய சந்தை ஊர். பேரைக் கேட்டால் நம் கிரந்த எழுத்து ஞாபகம் வரும். தொடர்பு எதுவும் இல்லை. பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க இந்த ஊர் என் மனதில் இருந்தது. காரணம், ஐசக் நியூட்டன்.

ஏழெட்டு மைல் தெற்கே வூல்ஸ்தார்ப் கிராமத்தில் பிறந்தவர். பிறப்பதற்கு முன்பே அப்பா இல்லை. பன்னிரண்டு வயதில் கிரான்தம் கிங்ஸ் பள்ளியில் சேர்ந்தார். தினமும் நடந்து போய்வரும் தூரமா அது? மருந்துக்கடைக்காரர் கிளார்க் வீட்டில் தங்கிப் படித்தார். அப்போது ஊர்ப்பக்கம் ஒரு காற்றாலை கட்டினார்கள். பையன் அதைப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு, மரத்தில் சின்னதாக ஒன்று செய்தான். காற்று வேண்டாம், உள்ளே ஒரு எலியை விட்டே சுற்ற வைத்தான்!

பிறகு அம்மா படிப்பை நிறுத்திவிட்டார். நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டுமே. சந்தை நாளில் விளைச்சலை விற்க, கூட ஒரு வேலையாளைச் சேர்த்து கிரான்தமுக்கு அனுப்புவார். குதிரையைக் கட்டினானோ இல்லையோ, பையன் கிளார்க் வீட்டு மாடிக்கு ஓடிவிடுவான். அங்கே குவியலாகப் பழைய புத்தகங்கள். விற்பதெல்லாம் வேலையாள் பாடு. சில நாள் ஊர் வரைக்கும்கூடப் போவதில்லை. வழியில் வேலியோரம் உட்கார்ந்து படிப்பான், வேலையாள் திரும்பும்போது சேர்ந்துகொள்வான். அம்மா அனுப்பியது சந்தைக்கு, பிள்ளை போனது புத்தகத்துக்கு.

ஊர் எல்லையில் ஸ்பிட்டல்கேட் மேடு. செங்குத்தான ஏற்றம், குதிரையை விட்டு இறங்கி நடத்திக்கொண்டுதான் போக வேண்டும். ஒருநாள் யோசனையிலேயே ஏறியவன் கையிலிருந்த கடிவாளத்திலிருந்து குதிரை நழுவித் தானாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. பையன் வெறும் கடிவாளத்தைப் பிடித்தபடி நடந்து வந்தானாம். பிற்காலத்தில் அந்த ஊரில் வாழ்ந்த ஸ்டூக்லி என்ற மருத்துவர் எழுதிவைத்த கதை இது. எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேனோ!

கடைசியில் தாய்மாமனும் ஆசிரியர் ஸ்டோக்ஸும் அம்மாவிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். 1661-ல் கேம்பிரிட்ஜ். அந்தத் தாய்மாமனுக்கும் வாத்தியாருக்கும் உலகமே கடன்பட்டிருக்கிறது. பழைய பள்ளிக் கட்டிடத்தில், நியூட்டன் செதுக்கியது என்று சன்னல் கல்லில் ஒரு பெயரை இன்றும் காட்டுகிறார்கள்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப்புறம் இருந்து எனக்குக் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செயின்ட் வுல்ஃப்ரம் தேவாலயம், கோபுரம் 280 அடிக்கும் மேல்; அதன் மேலறையில் 1598-ல் டிரிக் என்ற பாதிரியார் வைத்த நூலகம், புத்தகங்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருக்கிறார்கள். கைது செய்யும் முழு அதிகாரத்தோடு பிரிட்டனின் முதல் பெண் காவலர் ஈடித் ஸ்மித் 1915-ல் வேலை பார்த்தது இங்கேதான். 1925-ல் ஒரு மளிகைக் கடை வீட்டில், பின்னாளில் பிரிட்டன் பிரதமரான மார்கரெட் தாட்சர் பிறந்ததும் இங்கேதான். அப்புறம் ஒரு பழைய விடுதி: பெயர்ப்பலகையாக வாசல் மரத்தில் தேன்கூடு, நிஜத் தேனீக்களோடு. நேரமாகிவிட்டது. வணக்கம்.