வாளியைத் தூக்கும் முன்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

மாடித்தோட்டம் போட்ட முதல் வருஷம். சித்திரை வெயில். மதியம் ஒரு மணிக்கு மாடி ஏறினால் கத்தரிச் செடி இலையெல்லாம் தொங்கிக் கிடக்கிறது. பதறிப்போய் ஒரு வாளி ஊற்றினேன். மறுநாளும் தொங்கியது, மறுபடியும் ஊற்றினேன். இரண்டு வாரத்தில் அடியிலைகள் பழுத்து, செடி போய்விட்டது. செடி வைத்திருந்த பையைக் கவிழ்த்தால் சாக்கடை நாற்றம். வேரைப் பிடித்து இழுத்தேன், தோல் மட்டும் உருவிக்கொண்டு கையோடு வந்தது.

கத்தரி, பூசணி, சுரை எல்லாம் உச்சி வெயிலில் தலை சாய்க்கும். இலை வழியே ஆவியாகும் வேகத்துக்கு வேரால் உறிஞ்சிக் கொடுக்க முடியாது, அவ்வளவுதான். வெயில் தாழ்ந்தால் தானே நிமிர்ந்துவிடும். விடிகாலையிலும் வாடி நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விடுங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். வேருக்கும் காற்று வேண்டும். மண் சொதசொதவென்று இருந்தால் மூச்சு முட்டி அழுகிவிடும்.

தென்னைநார்க் கழிவு கலந்த பைகள் இன்னும் ஏமாற்றும். மேலே வெளுத்துக் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அதுவே அடியோடு காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சட்டென்று ஏற்காது. ஓரமாக இறங்கி அடித்துளை வழியே ஓடிவிடும். துளையில் தண்ணீர் வந்துவிட்டதென்று நாம் கீழே இறங்கிவிடுவோம், நடுவேர் காய்ந்தே கிடக்கும். அரைச் செம்பு ஊற்றி, பத்து நிமிஷம் கழித்து மீதியை ஊற்றுங்கள்.

தக்காளிக் காயின் அடி கறுத்துப் போகிறது, என்ன மருந்து என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரும்பாலும் மருந்தே வேண்டியதில்லை. சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு சேர்ந்துதான் காய்க்குப் போகிறது. நாலு நாள் காயப்போட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக விட்டால் அது ஒழுங்காகப் போய்ச் சேராது. பழம் வெடிப்பதும் பல சமயம் இதனால்தான். சுண்ணாம்புச் சத்துக்காக முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டாலும் அது கரைய மாதக்கணக்கில் ஆகும். மண்ணின் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த சருகு மூடாக்குப் போட்டால் ஈரம் ஒரே சீராக நிற்கும்.

காலையில் ஊற்றுவதே நல்லது. மாலையில்தான் முடியும் என்றால் இலை நனையாமல் தூரில் ஊற்றுங்கள். ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்தால் பூஞ்சாணம் வரும். வெயிலில் கிடந்த ஓஸ் பைப்பில் முதலில் வருவது கொதிநீர், அதைச் செடிக்கு விடாதீர்கள். கீரை விதைத்த தொட்டிக்குப் பூவாளிதான். குழாயைத் திருப்பினால் விதையெல்லாம் ஒரு மூலையில் போய் முளைக்கும்.

இப்போதும் துணி எடுக்க மதியம் மாடிக்குப் போனால் கத்தரி தொங்கிக்கொண்டுதான் நிற்கிறது. பார்க்காத மாதிரி இறங்கி வந்துவிடுகிறேன்.

நன்றி, வணக்கம்.