ஆறு துணி நனைந்தால் போதும்

நடுவர் அவர்களே, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டையிலிருந்து கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். ‘பச்சை உடம்புக்காரிக்கு வேண்டியது குறையே இல்லாத கவனிப்பா, போதுமான கவனிப்பா?’ என்பது தலைப்பு. போதுமானதே போதும் என்பது எங்கள் அணி.

எதிரணித் தோழி, “பிள்ளை கண்ணாடிப் பாத்திரம், தாய் ஒரு நிமிஷம் அசந்தாலும் கீறல் விழும்” என்றார். அந்தத் தாயின் ஒரு நாள் கணக்கைப் பாருங்கள். பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். தடவைக்கு அரை மணி என்றால் 10 தடவைக்கு 5 மணி நேரம். தோளில் போட்டு ஏப்பம் விட வைக்க 10 நிமிடம், துணி மாற்ற 5 நிமிடம் என்று இன்னும் இரண்டரை மணி. ஆக ஏழரை மணி நேரம், அதுவும் ராத்திரி பகலாகத் துண்டு துண்டாக. மிச்சத்தில்தான் அவள் தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், தையல் ஆற வேண்டும். அந்த மிச்சத்தில்தான் எதிரணியின் நேர்த்தி கை வைக்கிறது. துணியை டெட்டாலில் அலசு, இஸ்திரி போடு, தினம் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்று, சாம்பிராணி காட்டு, பார்க்க வருகிறவர்களுக்குக் காபி போடு.

இதில் பிள்ளைக்கு எது தேவை? பழைய பருத்தித் துணியைச் சோப்பு போக அலசி வெயிலில் காயப்போட்டால் போதும். டெட்டால் துணியில் தங்கினால் தொடையில் தடிப்பு வரும். தலைக்குக் குளியல் வாரம் மூன்று நாள் போதும். நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு மற்ற நாளில் கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கை ஈரத்துணியால் துடைத்து, உலர ஒற்றிவிடலாம். மூக்கில் எண்ணெய் விடவே கூடாது. அது நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரும். ஒரே அறை வீட்டில் போடும் சாம்பிராணிப் புகையும் அதே நுரையீரலுக்குத்தான் போகிறது.

“எங்க அம்மா காலத்துல எல்லாம் செஞ்சாங்களே” என்றும் கேட்டார்கள். செய்தார்கள். பெற்றவள் செய்யவில்லையே! குளிப்பாட்ட ஆயா, பத்தியம் வடிக்க அம்மா, தண்ணி பிடிக்கத் தங்கச்சி. இன்றைக்கு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குப் போனபின் தாயும் பிள்ளையும் மட்டுமே. தண்ணி லாரி வந்தால் அவளேதான் இறங்க வேண்டும். சிசேரியன் ஆனவள் ஆறு வாரத்துக்குப் பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. நிறைகுடம் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

பால் விஷயத்தைச் சொல்லாமல் நான் இறங்க முடியாது. முதல் சில நாளில் பிள்ளையின் எடை 7 முதல் 10 சதவீதம் வரை குறையலாம், அது இயல்பு. 3 கிலோ பிள்ளை 2.750 ஆகும். எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று தவிப்பவள் அந்தத் தராசைப் பார்த்துப் பதறுகிறாள். பால் இறங்கி வர ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்க வேண்டும். பதற்றமும் வலியும் அதைக் கொஞ்ச நேரம் தடுத்துவிடும். பிள்ளை அழ, ஒரு புட்டிப்பால். புட்டியில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பில் குறைவாகச் சப்பும். சப்பச் சப்பத்தான் பால் ஊறும், ஆகவே பால் குறையும். மறுநாள் இரண்டு புட்டி. இல்லாத குறை இப்படித்தான் நிஜக் குறையாகிறது. அவள் பார்க்க வேண்டியது இரண்டே: ஐந்தாம் நாளிலிருந்து தினம் ஆறு துணியாவது சிறுநீரில் நனைகிறதா, இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்பியதா. குறைந்தால் டாக்டரிடம் போகலாம். அவர் பவுடர் பால் எழுதிக் கொடுத்தால், தப்புச் செய்துவிட்டோம் என்று குமுறாமல் கொடுக்கலாம்.

அப்போது எதிலுமே கண்டிப்பு வேண்டாமா? உண்டு. கை கழுவுவது, மல்லாக்கப் படுக்க வைப்பது, தொப்புளில் எதுவும் தடவாதது, 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள். பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று இருக்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. இதற்கெல்லாம் அவளுக்குத் தெம்பு மிஞ்ச வேண்டும்.

கண்ணாடிப் பாத்திரம் என்றாரே, பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகாட் 1953இல் ‘போதுமான அளவு நல்ல தாய்’ என்றொரு கருத்தை எழுதினார். தொடக்கத்தில் கிட்டத்தட்ட முழுக்க ஈடுகொடுத்து, பிள்ளை தாங்கிக்கொள்ளத் தாங்கிக்கொள்ள மெல்லக் குறைப்பவள் அவள். அந்தச் சின்னச் சின்னக் குறைகளில்தான் பிள்ளை வளர்கிறது.

பிரசவமான சில நாளில் வரும் அழுகை இரண்டு வாரத்தில் தணிந்துவிடும். தணியாவிட்டால் அது நோய், குணக்கேடு இல்லை. அதைக் கண்டறிய 1987 முதல் புழக்கத்தில் உள்ள எடின்பரோ கேள்வித்தாளில் கேள்விகள் பத்து. அதில் ஒன்று, காரியம் தப்பும்போது தேவையில்லாமல் உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டாயா என்பது. இங்கே எத்தனை பேருக்கு ‘ஆமாம்’ என்று சொல்லத் தோன்றுகிறதோ, அவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை.

கூட வந்திருக்கும் வீட்டுக்காரர்களே, இன்று ராத்திரி 9 மணிக்கு அவள் பால் கொடுத்ததும் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்பம் விட வைக்க உங்கள் தோளும் ஆகும். அடுத்த பாலுக்குப் பிள்ளை அழும்வரை அவளை எழுப்பாதீர்கள்.