முன்பாரம், பின்பாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் முப்பது வருடமாக டிரெய்லர் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் நெல்லும் கரும்பும் செங்கல்லும் ஏற்றுகிற டிராக்டர் டிரெய்லர்கள்தான். இந்த நாலைந்து வருடமாக இன்னொரு கூட்டமும் வருகிறது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த சின்ன டிரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டி, குடும்பத்தோடு மூணாறு, ராமேஸ்வரம் என்று போய் ராத்தங்கி வருகிறவர்கள். வந்ததும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, என் வண்டி இதை இழுக்குமா?"

சமதரையில் இழுக்கும். ஆண்டிபட்டி கணவாயில் ஆடிக் காற்று அறையும்போது நேராகப் போகுமா, போடிமெட்டு இறக்கத்தில் மிதித்த இடத்தில் நிற்குமா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

மாட்டு வண்டி இருந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூட்டையைப் பின்னால் அடுக்கினால் பின்பாரம். வண்டியின் நீட்டுக் கட்டையான ஏர்க்கால் எழும்பி, மாட்டின் கழுத்தில் இருக்கும் நுகத்தடி மேலே தூக்கி, அதில் மாட்டைக் கட்டும் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். முன்னால் கூடிப்போனால் முன்பாரம், கழுத்து புண்ணாகிவிடும். என் அப்பா பாரம் ஏற்றி முடித்ததும், மாடு பூட்டுவதற்கு முன்னால், நுகத்தடியைக் கையால் ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் இரண்டு மூட்டை இடம் மாறும்.

காருக்குப் பின்னால் ஓடுகிற டிரெய்லருக்கும் அதே கணக்குதான். சாமானோடு சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பாவில் 5 முதல் 7 சதவீதம் போதும் என்பார்கள். அங்கே டிரெய்லர் இலகு, வேகமும் குறைவு. நம் ரோட்டுக்கு நான் 10க்குக் குறைய விடமாட்டேன்.

ஏன் என்று கேட்டால், ஓர் ஆடி மாதம் தேனியிலிருந்து வந்த பயணத்தைச் சொல்வேன். வெளியூரில் கட்டிய டிரெய்லர். ஆட்டம் இருக்கிறது, கூட வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் முன் இருக்கையில் இருந்தேன். கணவாயில் ஒரு வளைவு திரும்பியதும் காற்று பக்கவாட்டில் அடித்தது. டிரெய்லர் இடது, வலது, மறுபடி இடது என்று வால் ஆட்ட ஆரம்பித்தது. ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. ஓட்டிய தம்பியின் கால் பிரேக்குக்குப் போனது. "மிதிக்காதப்பா, ஆக்சிலேட்டரை மட்டும் விடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடி" என்று கத்தினேன். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

உசிலம்பட்டியில் நிறுத்தி, கொக்கியைக் கழற்றி, டிரெய்லரின் மூக்கை, அதாவது கொக்கியில் மாட்டுகிற முன்முனையை, தூக்கினேன். ஒற்றைக் கையில் வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் 120 லிட்டர் தொட்டி அச்சுக்குப் பின்னால், முழுக்கத் தண்ணீர். அதாவது 120 கிலோ. அதற்கும் பின்னால் வீட்டுச் சிலிண்டர். கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 வரும். அத்தனையும் பின்பாரம். தண்ணீரை அங்கேயே திறந்துவிட்டோம். பட்டறைக்கு வந்ததும் தொட்டியை அச்சுக்கு முன்னால் மாற்றினேன்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். உடல் எடை பார்க்கும் மெஷின் ஒன்று போதும். தரை சமமாக இருக்கட்டும், சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கெட்டியான பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும், மூன்றடி தள்ளி மறுமுனையை மெஷின் மேலும் ஒரே உயரத்தில் வையுங்கள். பலகைக்கு மெஷின் காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் செங்கலிலிருந்து சரியாக ஓரடியில் மூக்கை மெதுவாக இறக்குங்கள். காட்டுகிற எடையில் பலகைக்குரியதைக் கழித்து, மூன்றால் பெருக்குங்கள். 35 என்றால் 105 கிலோ. டிரெய்லரின் மொத்த எடைக்கு, சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஏதாவது எடை மேடைக்குப் போய்விடுங்கள்.

இனி காருக்கு வருவோம். இழுவை எடை, அதாவது அந்தக் கார் அதிகபட்சம் இழுக்கலாம் என்கிற எடை, எவ்வளவு என்று கையேட்டில் போட்டிருக்கும். போடவில்லையென்றால் அந்த வண்டியில் கொக்கி மாட்டித் தர மாட்டேன். எண் இருந்தாலும் பலர் தவறுவது வேறோர் இடத்தில். ஒரு கார் 500 கிலோ சுமக்கும் என்று வையுங்கள். ஐந்து பேர், ஆளுக்கு 70 என்றால் 350. பெட்டி படுக்கை 60. மிச்சம் 90. ஆயிரம் கிலோ டிரெய்லர் மாட்டினால் கொக்கியில் 100 கிலோ இறங்கும். அதுவும் காரின் சுமைதான். இழுவை எண்ணில் பாஸ், சுமையில் ஃபெயில்! பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் இலேசாகும், ஸ்டியரிங் பிடி தளரும், ஹெட்லைட் எதிரே வருகிற லாரிக்காரர் கண்ணில் அடிக்கும். ஓர் ஆளைக் குறையுங்கள், அல்லது சின்ன டிரெய்லர் வாங்குங்கள். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு, அதையும் மறக்க வேண்டாம்.

இறக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மொத்த எடை இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய சூடும் இரண்டு மடங்கு. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். நான் 500க்கு மேலே போனாலே மலைக்குப் போகிறவர்களுக்குப் பிரேக் வைத்துத்தான் தருகிறேன். காசு கூடுதல் என்று சண்டை பிடிப்பார்கள், பிடிக்கட்டும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்பது பிரேக் ஆயிலில் ஒரு தரம்; புதிதாக இருந்தால் அது கொதிக்க 205 டிகிரியாவது வேண்டும், ஈரம் ஏறியது 140லேயே கொதிக்கலாம். கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. ஆகவே மலைக்குப் போகுமுன் மாற்றிவிடுங்கள்.

கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலியையும் பெருக்கல் குறிபோலக் குறுக்காக மாட்டுங்கள். கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலியில் தொட்டில் மாதிரி தங்கும்.

கிளம்பியதும், தேனி ரோடு என்றால் செக்கானூரணியில், ஒரு டீக்கு நிறுத்துங்கள். டிரெய்லரின் இரண்டு சக்கரக் குடத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. அங்கிருந்தே திரும்பி வந்துவிடுங்கள்.

வணக்கம்.