பதறாத காரியம் சிதறாது

(குன்னூரில் எங்கள் மலை சைக்கிள் குழுவின் ஆண்டு விழாவில் பேசியது. வர முடியாத நண்பர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பள்ளியின் தலைமை ஆசிரியை அவர்களே, வனச்சரகராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பறவை காட்டும் ஐயா அவர்களே, வெலிங்டனில் இருந்து நேரம் ஒதுக்கி வந்திருக்கும் கர்னல் அவர்களே, மேடையில் இடம் இருந்தும் மாணவர்களோடு கீழேயே உட்கார்ந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர் அவர்களே, தாய்மார்களே, பெரியவர்களே, வாசலில் சைக்கிளைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் என் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைமை ஆசிரியை அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். போன ஆண்டு இதே விழாவுக்கு இடம் தேடி அலைந்தோம். இந்த முறை அவர்களே கூப்பிட்டு, "நம்ம பிள்ளைங்க நிகழ்ச்சிதானே, எதுக்கு வெளியில தேடறீங்க" என்றார்கள். அந்த மனசுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

இந்தக் கோடையில் நான் ஓட்டியதையும் அடிபட்டதையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன். ஒன்று பயிற்சி, இரண்டு சாப்பாடு, மூன்று காயம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழிதான் என் கையில் இருக்கிறது. எந்த மேடை ஏறினாலும் அதைத்தான் சொல்வேன் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். பதறாத காரியம் சிதறாது.

நான் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். பந்தயம் எனக்குப் பிழைப்பு இல்லை. விடிவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை அரை நாள், அவ்வளவுதான் கிடைக்கும். இந்த மலை சைக்கிள் விளையாட்டைத் தொடங்கியவர்களும் இப்படிப்பட்ட ஆட்கள்தான். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் என்ற மலைப்பகுதியில் 1976ஆம் ஆண்டு சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மண் பாதையில் கீழே இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். பின்சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே பிரேக் இருக்கிற சைக்கிள்கள் அவை. ஒரு தடவை இறங்கினால் உள்ளே இருக்கும் கிரீஸ் கொதித்துப் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அங்கே தொடங்கிய விளையாட்டு, இருபதே வருடத்தில், 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்குக்குள் வந்துவிட்டது.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். ஏப்ரல் மாதம் நம் மலையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும், மதியத்துக்கு மேல் கோடை மழை கொட்டும். மறுநாள் பார்த்தால் மேல் மண் காய்ந்திருக்கும், சீகை மரத்து வேர் மட்டும் உள்ளே ஈரமாகவே கிடக்கும். அந்த வேரின் மேல் சக்கரம் குறுக்கே ஏறும்போது பிரேக் பிடித்தால் சைக்கிள் நம்மை விட்டுத் தனியாகப் போய்விடும். வேருக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து முடித்துவிட்டு, வேர் மேல் கையைத் தளர்த்தி, சைக்கிளை அதன் போக்கில் விட வேண்டும். பதறாத காரியம் சிதறாது.

அந்த ஏப்ரலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மறுநாள் பந்தயம். முதல் நாள் காலை ஒரு எஸ்டேட்டில், முறையாக அனுமதி கேட்டு, லேசாக ஓட்டிப் பார்க்கப் போனேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. திருப்பத்தில் ஒரு கல் துள்ளி வந்து பின்சக்கரத்தில் அடித்தது. டக்கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் ஹேங்கர் ஒடிந்திருக்கிறது. ஹேங்கர் என்பது கியர் மாற்றும் கருவியைச் சைக்கிள் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கிற, விரல் நீளத்துக்கு ஒரு அலுமினியத் துண்டு. அடி விழுந்தால் சட்டம் பிழைக்கட்டும், நான் ஒடிகிறேன் என்று வைத்த துண்டு. ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம். நான் முன்கூட்டியே மாற்றுத் துண்டுக்குப் பணம் கட்டி வாரக்கணக்கில் காத்திருந்தேன், கடையில் இருந்து வந்து சேரவே இல்லை.

சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். இலை நிறுக்கிற கொட்டகை பக்கம் வந்ததும் பறிக்கிற அக்காமார் சத்தம் போட்டார்கள். "தம்பி, அங்கேயே நில்லு! கீழ வளைவுல காட்டெருமை நிக்குது!" எட்டிப் பார்த்தால், பாதையை அடைத்துக்கொண்டு ஒற்றையாக ஒரு கடா. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியது மாதிரி நான்கு கால்கள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒற்றைக் கடாவிடம் அவசரம் காட்டக் கூடாது என்று இந்த மேடையில் இருக்கும் வனச்சரகர் ஐயாவிடம் சின்ன வயதிலேயே பாடம் கேட்டவன் நான்.

கொட்டகையில் உட்கார்ந்தேன். ஒரு அக்கா வரக்காப்பி ஊற்றிக் கொடுத்தார். வேறொரு அக்கா சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நாளைக்குப் பந்தயத்துல ஜெயிச்சா சம்பளம் தருவாங்களா தம்பி?"

"இல்லைங்க அக்கா. ஒரு மெடல் தருவாங்க."

"தோத்தா?"

"வீட்டுக்குப் போயிட்டு, அடுத்த பந்தயத்துக்கு வரணும்."

"அப்ப எங்க வேலை மாதிரிதான். இலை வந்தாலும் வராட்டியும் மறுநாள் காட்டுக்கு வந்துதான் ஆகணும்." (கைதட்டல்)

கடா நகர வெகு நேரம் ஆனது. அதற்குள் அந்த அக்கா மகனுக்குப் போன் போட்டுவிட்டார். மகன் தொழிற்சாலையில் ஃபிட்டர். டூல் பெட்டியோடு மேல்பாதை வழியாக வந்து சேர்ந்தார். மலை சைக்கிளை அவர் கழற்றியது அதுதான் முதல் முறை. ஆனால் கன்வேயர் சங்கிலியோடு நாள் முழுக்கப் பழகுகிற கை. ஒடிந்த கருவியை மொத்தமாகக் கழற்றி வைத்தார். சங்கிலியை ஒவ்வொரு பல்சக்கரத்திலும் போட்டுப் பார்த்தார். ஒன்றில் தொங்கியது, அடுத்ததில் எட்டவில்லை, நடுவில் ஒன்றில் மட்டும் விறைப்பாக நின்றது. அந்த அளவுக்குச் சங்கிலியை வெட்டி, பின்னை அடித்துச் சேர்த்தார். "இனி உங்களுக்கு ஒரே கியர். ஏத்தத்துல எந்திரிச்சு நின்னு மிதிங்க, எறக்கத்துல சும்மா இருங்க" என்றார். எந்தப் பயிற்சியாளரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. காசு நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் அந்த ஒரே கியரில் முழுப் பந்தயத்தையும் ஓட்டி முடித்தேன். செங்குத்தான இடத்தில் மற்றவர்கள் கியர் தேடிக்கொண்டிருக்கும்போது நான் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மெடல் வரவில்லை. ஆனால் இந்தக் கோடையில் எனக்கு மனசு நிறைந்த நாள் அதுதான். அந்த ஃபிட்டர் தம்பி இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். கொஞ்சம் எழுந்து நில்லுங்கள் தம்பி. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். (நீண்ட கைதட்டல்)

இப்போதுதான் வர்த்தகர் சங்கத் தலைவர் உள்ளே வருகிறார். வாருங்கள் ஐயா, முன்வரிசையில் இடம் இருக்கிறது. சீசன் நேரத்திலும் பந்தய நாளில் தண்ணீரும் வாழைப்பழமும் தன் செலவில் அனுப்பியவர். சாப்பாடு பற்றிப் பேசும்போது முதலில் அவர் பெயரைத்தான் சொல்ல இருந்தேன்.

மூன்றாவதற்கு வருகிறேன். மே மாதத்தில் எனக்கு அடிபட்டது. மலை சைக்கிள்காரன் கையை உடைத்துக்கொண்டான் என்றதும் எல்லோரும் பாறை, பள்ளம், காடு என்றே நினைத்தார்கள். நான் விழுந்தது தார் ரோட்டில். மலைப்பாதையில் என் பக்கம் ஓரமாக ஏறிக்கொண்டிருந்தேன். வளைவில் சுற்றுலா கார் ஒன்று முன்னால் போன வண்டியை முந்திக்கொண்டு நேராக என் பக்கம் வந்தது. சுவரோரம் ஒதுங்கினேன், சக்கரம் சாக்கடை விளிம்பில் இறங்கியது, கையை ஊன்றி விழுந்தேன். கார் நிற்காமல் போய்விட்டது. காட்டுப் பாதையில் அத்தனை நாள் ஓட்டி ஒரு கீறலோடு வந்தவன், சாதாரண ரோட்டில் எலும்பை முறித்துக்கொண்டேன். ஏன் ரோட்டில் ஓட்டினேன்? பயிற்சி எடுக்க நமக்கு வேறு இடம் இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

எல்லோரும் ஒரு கையை நீட்டி, கட்டைவிரலை மேலே தூக்குங்கள். அம்மா, நீங்களும் தூக்குங்கள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் குழி விழுகிறதா? அதற்கு நேர் கீழே முந்திரிப் பருப்பு அளவில் ஸ்கேஃபாயிட் என்று ஒரு எலும்பு இருக்கிறது. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு, மணிக்கட்டில் இருக்கும் சின்ன எலும்புகளில் அடிக்கடி முறிவது அதுதான். முதல் நாள் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தக் குழியில் அழுத்தினால் உயிர் போகும் வலி. டாக்டர் அனுபவசாலி. படத்தை நம்பாமல் வலியை நம்பினார். கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டுப் போட்டுவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி படம் எடுத்தார். அப்போது கோடு தெரிந்தது. இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமாக நுழைந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் முறிந்தால் பின்பாதிக்கு ரத்தம் குறைந்துவிடும். அதனால்தான் சேர இத்தனை காலம் எடுக்கிறது. விழுந்தவர்கள் யாராக இருந்தாலும், அந்தக் குழியில் வலி இருந்தால் "சுளுக்குதான்" என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிடாதீர்கள். பதறாத காரியம் சிதறாது என்பதை எலும்பு மாதிரிச் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர் கிடையாது.

ஜூன், ஜூலை முழுக்க வெளியே மழை, வீட்டுக்குள் ஸ்டாண்டில் மாட்டிய சைக்கிள், கையில் கட்டு. காத்திருந்த பந்தயம் ஒன்று நான் இல்லாமலே நடந்து முடிந்தது. அந்த நாட்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டது இங்கிலாந்து வீரர் டாம் பிட்காக்கை. 2021 மே கடைசியில் பயிற்சியின்போது ரோட்டில் கார் மோதிக் காறையெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்துகொண்டு, ஜூலை 26ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் தங்கம் வாங்கினார். அவரும் விழுந்தது ரோட்டில்தான்! மூன்று வருடம் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாதிப் பந்தயத்தில் டயர் பஞ்சர். நின்று சக்கரம் மாற்றியதில் அரை நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டே போய், கடைசிச் சுற்றில் பிரான்ஸ் வீரர் கோரெட்ஸ்கியையும் தாண்டி மறுபடி தங்கம்.

அந்தப் பாரிஸ் பந்தயம் நடந்த இடத்தைப் பற்றித்தான் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். எலான்கூர் குன்று. உயரம் 231 மீட்டர். அதுதான் பாரிஸ் வட்டாரத்திலேயே உயரமான இடம். நம் குன்னூரே 1,800 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குன்று ஒரு காலத்தில் கல் குவாரி. பிறகு குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிய இடம். அதைச் சீர்செய்து மரம் வைத்து, ஒலிம்பிக் பந்தயமே நடத்திவிட்டார்கள். பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் மாவட்டம் பொன்முடியில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது. நாடு நாடாக வீரர்கள் வந்து ஓட்டினார்கள். பொன்முடிக்கு முடியும் என்றால் நீலகிரிக்கு ஏன் முடியாது?

காட்டுக்குள் விடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. 1986இல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த மலை இது. சோலைக்குள்ளும் புல்வெளிக்குள்ளும் சக்கரம் போகக் கூடாது, யானை நடக்கிற வழியில் போகவே கூடாது. வனச்சரகர் ஐயா தலையாட்டுகிறார். நாங்கள் கேட்பது ஊரை ஒட்டி, சீகையும் உண்ணிச்செடியும் மண்டிச் சும்மா கிடக்கிற வருவாய்ப் புறம்போக்கில் ஒரு சின்னச் சுற்று. நான்கு கிலோமீட்டர் போதும். நடப்பவர்களுக்காக 2024இல் அரசே நாற்பது மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு, கூடவே வழிகாட்டி என்று முறைப்படுத்தியது. அதே முறையில் மிதிப்பவர்களுக்கும் ஒன்று செய்து தாருங்கள்.

மண் கரையும், சரிவு இறங்கும் என்ற பயம் நியாயமானது. நம் ஊர் மழைக்காலம் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கும் வழி இருக்கிறது. சர்வதேச மலை சைக்கிள் சங்கமான இம்பா சொல்கிற கணக்கு இது: பாதையின் ஏற்றம் சராசரியாக நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகக் கூடாது. மலைச் சரிவு எவ்வளவோ, அதில் பாதியைத் தாண்டவும் கூடாது. பாதை பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போது மழைநீர் பாதையில் ஓடாமல் குறுக்கே கடந்து போய்விடும். பல்சக்கரம் மாட்டிய நம் மலை ரயில் ஏறுவதே பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது நூற்றுக்கு எட்டேகால் சொச்சம்தான். பாட்டன் காலத்துப் பாதைகளைப் பாருங்கள், வளைந்து வளைந்து மெதுவாகத்தான் ஏறும். அவசரப்பட்டு நேராக வெட்டிய பாதைதான் முதல் மழையில் ஓடையாகிறது. பதறாத காரியம் சிதறாது. வெட்டுகிற வேலைக்கு அரசுப் பணம் கூட வேண்டாம். மண்வெட்டியோடு நாங்கள் வருகிறோம். எங்களுக்கு வேண்டியது இடமும் ஒரு கையெழுத்தும்.

விழாத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாட்டைப் பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன்.

வாசலுக்கு இடது பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். மனு அங்கே இருக்கிறது. எந்த இடம் என்று வரைபடமும் வைத்திருக்கிறோம். படித்துப் பார்த்துவிட்டு, வார்டு எண்ணோடு கையெழுத்துப் போடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குத் தனித்தாள் இருக்கிறது. அதையும் இணைக்கிறோம். வருகிற திங்கட்கிழமை ஊட்டியில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தந்தால் எங்களுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. கூட வர விரும்புகிறவர்கள் காலை எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். சைக்கிளில் வருபவர்கள் ஆறரைக்கே கிளம்புகிறோம், ஹெல்மெட் கட்டாயம். நன்றி, வணக்கம்.